பின்விளக்கை மட்டும் பார்த்த பயணி

அவைக்குத் தலைமையேற்றிருக்கும் பணிமனை மேலாளர் அவர்களே, எனக்கு முன்னே இந்தச் சாலைகளில் சக்கரம் தேய்த்த சான்றோர்களே, விடியுமுன் எழுந்து எங்களை வேலைக்கு அனுப்பும் தாய்மார்களே, வண்டியோடும் வாழ்வோடும் மல்லுக்கட்டும் தோழர்களே, வணங்கி நிற்கிறேன்.

பத்தாண்டுகள் ஒரு புகாரும் வாங்காத ஓட்டுநர் என்று எனக்குக் கேடயம் தருகிறீர்கள். வாங்குமுன் ஒரு சேதி சொல்லியாக வேண்டும். யாரங்கே கடிகாரத்தைப் பார்ப்பது? என் வண்டி தாமதமாகும். என் பேச்சு ஆகாது.

சில மாதங்களுக்கு முன் நெஞ்சுப் படபடப்புக்கு மருத்துவர் ஒரு மாத்திரை கொடுத்தார். அதன்பின் மருத்துவமனை நிறுத்தத்தில் ஒருவர் தினமும் ஏறத் தொடங்கினார். என்னினம் இல்லை, என் நிறமும் இல்லை, ஓங்கிய உருவம். ஒருநாள் என்னருகே வந்து நின்றார்.

"நீங்க புதுசா வந்த டிரைவரா சார்? நல்லா இருங்க. முன்னாடி இருந்தவர் நான் ஓடி வர்றதைப் பார்த்தாலே வண்டியைக் கிளப்பிடுவார். அவர் முகத்தையே நான் பார்த்ததில்ல. பின்னாடி சிவப்பு விளக்கைத்தான் பார்த்திருக்கேன்."

தோழர்களே, பத்தாண்டுகளாக அந்த நேரத்துக்கு அந்தத் தடத்தில் ஓட்டுவது நான் ஒருவன்தான்.

வெறுத்தேனா? இல்லை. வேண்டுமென்றே விட்டுச் சென்றேனா? சத்தியமாக இல்லை. நேரமாகிவிட்டது என்றுதான் நினைத்தேன். ஆனால் வேறெவர் ஓடி வந்தாலும் காத்திருந்த கால், அவர் வந்தால் காத்திருக்கவில்லை. அவரைக் கண்டதும் நெஞ்சு திக்கென்றது, நெஞ்சு சொன்னதைக் கால் கேட்டது. மாத்திரை நெஞ்சை அமர்த்தியது, காலும் அமர்ந்தது. இப்படியும் நடக்குமா?

இன்று மருத்துவரிடம் கேட்டேன். "மாத்திரையால என் மனசு மாறிடுச்சா டாக்டர்?"

"படபடப்பு அடங்கினா பயமும் கொஞ்சம் அடங்கலாம். உறுதியாச் சொல்ல முடியாது. மனசு மாறிச்சான்னு நீங்கதான் பார்க்கணும். கொஞ்சம் கொஞ்சமா குறைச்சுட்டோம்ல, இன்னையோட நிறுத்திக்கலாம்."

என்ன சொல்கிறீர்கள், நிறுத்தாதே என்றா? என் மனைவியும் அதையேதான் சொன்னாள். ஒரு துளி ரசாயனம் கூடினால் மனிதன், குறைந்தால் வேறொருவனா? நல்லவனாக இருக்க மருந்துச் சீட்டு வேண்டுமா? எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது, அச்சமாகவும் இருக்கிறது.

தலைவர் அவர்களே, புகார் இல்லை என்றீர்கள். அந்தப் பயணி எழுதவில்லை, அவ்வளவுதான். கேடயம் உங்களிடமே இருக்கட்டும். நாளைக் காலை எட்டேகாலுக்கு, மாத்திரை இல்லாத நெஞ்சோடு அந்த நிறுத்தத்துக்குப் போகிறேன். அவர் ஓடி வருவார். நெஞ்சு திக்கென்றால் அது நெஞ்சின் பாடு. என் கால் பிரேக்கில் இருக்கும். அவர் ஏறியதும், அந்தப் பழைய டிரைவர் நான்தான் என்று சொல்வேன். புகார்ப் புத்தகத்தையும் நானே நீட்டுவேன்.

பொறுத்திருந்து கேட்ட உங்கள் அனைவருக்கும் நன்றி. வணக்கம்.