புகார் கொடுத்தவரையே தேடிய கதை

தென்காசியிலிருந்து செங்கோட்டை போகும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண் காவலர்கள்.

"புகார் குடுத்த ஆளயே தேடிட்டுத் திரிஞ்சோம்க்கா," என்றாள் இளையவள்.

"என்னட்டி சொல்லுத?"

"மெயின் அருவி போலீஸ் பூத்துல ஒரு பொம்பள, புருஷனக் காணோம்னு ஒரே அழுகை. அவர் போனும் அவ பையில. தண்ணி இழுத்துட்டோன்னு பயந்து தேடுனேன். பாத்தா அந்தாளு ஐந்தருவி பூத்துல, பொண்டாட்டியக் காணோம்னு புகார் குடுத்துட்டு அழுதுட்டிருக்காரு!"

"ரெண்டு பூத்தும் பேசிக்கிடலையா?"

"அவங்கவங்க மைக்குல அவங்கவங்க கத்துனோம். கடைசில அவகிட்ட அவர் போட்டோவ வாங்கி எல்லா பூத்துக்கும் அனுப்புனேன். 'இவரு இங்கன டீ குடிக்காருல்லா'ன்னு ஐந்தருவி பூத்துலேருந்து உடனே பதில் வருது!"

மூத்தவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "பெறவு?"

"ரெண்டு பேரையும் போன்ல பேச வச்சேன். அவ கண்ணத் தொடச்சிட்டு, 'எங்க போய்த் தொலஞ்சிய?'ன்னா. 'நான் எங்க தொலஞ்சேன்? நீதாம்ட்டி தொலஞ்ச'ன்னு அவரு. அந்தச் சண்டையத் தீக்க என்னால முடியலக்கா, ஓடியாந்துட்டேன்."