ஒரு போல்ட் குறையுது

– ஏங்க, வண்டிக்கு அடியிலயும் பார்த்துட்டேன். போல்ட்டைக் காணோம்.

– நல்லா பாரு. நீளமானது. என் சுண்டுவிரல் அளவு இருக்கும்.

– இன்ஜின்ல இந்த டைமிங் செயின் மூடிக்குப் பதினோரு போல்ட்டு. தட்டுல பத்துதான் இருக்கு. பழைய மூடியைக் கழட்டுறப்ப நான்தானே ஒவ்வொண்ணா எண்ணி வச்சேன்? பேசாம பத்தை மட்டும் முடுக்கிடுங்களேன்.

– பாரு, புது மூடி போட்டும் ஆயில் ஒழுகுச்சுன்னா? பாதி வழியில இன்ஜின் நின்னா, புள்ளையை வச்சுக்கிட்டு நடுரோட்டுல என்ன செய்வே?

– ஆயில் ஒழுகாம இருக்க மூடி ஓரத்துல தடவின பசை வேற காய ஆரம்பிச்சிருச்சு!

– காயட்டும். சுரண்டிட்டு நாளைக்குத் தடவிக்கலாம்.

– நாளைக்கா? இன்னைக்கு ஆறு மணிக்குள்ள பாப்பாவை ஆஸ்பத்திரியில சேர்க்கணும். காலையில முதல் ஆபரேஷனே அவளுக்குத்தான். வாடகைக் கார் கூப்பிடவா?

– வழியில அவளுக்கு மூச்சு வாங்கினா நிறுத்தி நிறுத்தி ஓட்டுவானா அவன்?

– அதுவும் சரிதான்.

– ஒரு வாரம் தள்ளிப் போடச் சொன்னா போட்டுட்டுப் போறாங்க.

– இதயத்துல ஓட்டைங்க!

– ஏழு வருஷம் பொறுத்துக்கிச்சுல்ல?

– என்ன பேச்சு பேசுறீங்க? ரெண்டு படி ஏறினாலே உதடு நீலம் பாயுது அவளுக்கு.

– அம்மா, என் துணியெல்லாம் நானே மடிச்சு வச்சுட்டேன்! கரடியையும் எடுத்துக்கவா?

– எடுத்துக்கோடா கண்ணு. இங்க வராதே, தரையெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு.

– அப்பா, வண்டி சரியாயிடுச்சா?

– ஆயிடும் பாப்பா. நீ உள்ள போ.

– பார்த்தீங்களா அவ தைரியத்தை?

– திட்டாதே. போல்ட் என் சட்டைப் பையிலதான் இருக்கு.

– எதுக்குங்க?

– நெஞ்சைத் திறக்கணும்னு டாக்டர் சொன்னதுலேருந்து எனக்குப் பயமா இருக்கு. வண்டி கிளம்பலைன்னா நாமளும் கிளம்ப வேணாம்லன்னு...

– குடுங்க இப்படி. பசையைச் சுரண்டிட்டுப் புதுசா தடவி முடுக்கிடலாம். கிளம்ப இன்னும் மூணு மணி நேரம் இருக்கு.

– உனக்குக் கோபமே வரலையா?

– நீங்க பையில போட்டப்பவே பார்த்துட்டேன்.

– அடிப்பாவி! அப்புறம் எதுக்கு ஒரு மணி நேரமா தரையில உருண்டு தேடினே?

– எனக்கு மட்டும் பயம் இல்லையா? நீங்க வாயைத் திறக்காம இருந்திருந்தா, நானும் பொழுது சாயுற வரைக்கும் தேடிக்கிட்டேதாங்க இருந்திருப்பேன்.