சீட்டைப் பிடிச்சிக்கோங்க, விட்டுராதீங்க

குனியாதீங்கன்னு சொல்லுதீங்க, நிமிராதீங்கன்னும் சொல்லுதீங்க... நான் எதத்தான் செய்ய, அண்ணாச்சி? பின்னால சீட்ட மட்டும் பிடிச்சிக்கிட்டே வாங்க. அம்பத்தெட்டு வயசுல ஒருத்தன் சுடலைக்கண்ணு கடையில குட்டி சைக்கிள் வாடகைக்கு எடுத்து, விடியக்காலம் மில்லுக்குப் பின்னால ஓட்டிப் படிக்கான்னு வெளிய தெரியக் கூடாது. நம்ம தீப்பெட்டி ஆபீசுல நூறு பொம்பளையாளு வேல பாக்குதாவ. சிரிச்சே குச்சியப் பூரா ஒடிச்சிப் போடுவாவ.

எல்லாம் எம் மவன் பாலகணேசால வந்தது. பிரான்சுல கம்ப்யூட்டர் வேல பாக்கான், சரி. வாங்கப்பா, வாங்கம்மான்னு டிக்கெட்டு போட்டான், அதுவும் சரி. போயி எறங்குனா, நாளையிலேருந்து ஆறு நாளு சைக்கிள்லயே சுத்தப் போறோம்ங்கான். வாய்க்காக் கர ஓரமா. பிளேன்ல ஏத்திக் கூட்டிட்டுப் போயி சைக்கிள் மிதிக்கச் சொல்லுதான், கேட்டீங்களா? ஆறு நாளும் போன தூரம் எம்புட்டுங்கீங்க? கோவில்பட்டிலேருந்து திருச்சிக்குப் போற தூரம். ரயில்ல ஏறினா நாலு மணி நேரம். பத்து கிலோமீட்டரு போறது, எறங்கி ஒரு காப்பி. இன்னொரு பத்து, மரத்தடியில உக்காந்து ரொட்டி. என்னப்பா அவசரம்ங்கான். தீப்பெட்டி ஆபீசு வச்சிருக்கவன்கிட்ட கேக்குற கேள்வியா அது?

வளையுதே... ஹேண்டில்பாரு வளையுதே... ஆங், சரி. பிடிச்சிருக்கீங்கள்ல?

அந்த வாய்க்காலச் சொல்லணும். கர தொட்டுத் தண்ணி. ஒருத்தனாவது ஒரு மோட்டாரு போட்டு எறைக்கணுமே? நான் பாத்த எடத்துல ஒண்ணு கெடயாது. படகு விடுதான். நம்ம கரிசக்காட்டுல வானத்தப் பாத்துப் பாத்துக் கழுத்து வலிச்சிக் கெடக்கோம், அங்கன அம்புட்டுத் தண்ணியும் படகுக்கு! எனக்கு ரெண்டு நாளு தூக்கமே வரல.

என்ன கேக்கீங்க? நான் எப்படி மிதிச்சேன்னா? ம்... சரி, உங்ககிட்ட என்ன. நான் மிதிக்கல. பாலம்மா மிதிச்சா, நான் கேரியர்ல இருந்தேன். ஆமா, எம் பொண்டாட்டிதான். ஆறு நாளும்.

போன்லயே பையன் கேட்டான், அப்பா உங்களுக்குச் சைக்கிளு தெரியும்லான்னு. எதுக்குக் கேக்கான்னு யோசிக்கல. முப்பது வருசமா ஆபீசுக்குச் சைக்கிள்லதான போறேன்னுட்டேன். பொய்யில்ல அண்ணாச்சி... சைக்கிளோடதான் போனேன். ரெண்டு பக்கமும் தீப்பெட்டிக் கட்டு தொங்கும், உருட்டிக்கிட்டே போவேன். பாரம்னு நெனச்சி எவனும் ஒண்ணும் கேக்கல.

அங்கன மொத நாளு ஏறி உக்காந்தேன். அடுத்த நிமிசம் வாய்க்காக்குள்ள கெடந்தேன். மவன் முழிக்கான். பாலம்மா சேலையத் தூக்கிச் சொருகிட்டு ஏறுனா பாருங்க... குமரியா இருக்கப்ப குளத்தூர்ல அண்ணன் சைக்கிள எடுத்துக்கிட்டு உப்பளத்துக்குச் சோறு கொண்டு போவாளாம். முப்பது வருசம் எங்கிட்ட மூச்சு விடலியே! ஏன்டின்னு கேட்டா, நீங்க உருட்டிக்கிட்டுப் போறப்ப நான் மிதிச்சா நல்லாவா இருக்கும்ங்கா. எல்லாம் தெரிஞ்சே இருந்திருக்கா.

ஆறு நாளும் பாடிக்கிட்டே மிதிச்சா, அண்ணாச்சி. அவ பாடி நான் கேட்டதே இல்ல. பின்னால இருந்து முதுகத்தான் பாத்தேன், மொகத்தப் பாக்க முடியல. அதான் எனக்குப் பொறுக்கல.

அடுத்த மாசம் மவன் மறுபடி கூப்புடுதான். பாலம்மா கண்டிசனாச் சொல்லிட்டா. இந்தத் தடவ கேரியர் கெடயாது, மிதிக்கத் தெரிஞ்சா வாங்க, இல்லன்னா ஆபீசப் பாத்துக்கிட்டு இங்கனயே இருங்கன்னு. நானும் அவளும் பக்கத்துல பக்கத்துல போகணும். அம்புட்டுத்தான் எனக்கு.

என்ன, பேச்சையே காணும்? மூச்சு வாங்குதா? அண்ணாச்சி... அந்தா, பின்னால தூரத்துல உடமரத்தடியில பீடி பத்த வச்சிக்கிட்டு நிக்கிறது யாரு? நீங்களா? அப்ப சீட்ட யாரு... ஏ... நானேவா? நானேதான் மிதிக்கேனா?

விழலியே. பாருங்க, விழலியே... ரோடு வந்துட்டு. எப்படி எறங்கன்னு நீங்க சொல்லித் தரவேயில்லயே. சரி, சரி, கத்தாதீங்க. வீட்டுப் பக்கமே விடுதேன். இந்நேரம் பாலம்மா வாசத் தெளிச்சிக்கிட்டுதான் நிப்பா. அவ பிடிச்சி நிறுத்துவா.