நடு ஏரியில் நின்ற படகு

குமுளியிலிருந்து கம்பம் வரும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் இருந்த படகோட்டி தன் மச்சானிடம் சொன்னார்:

“மோட்டார் ஒண்ணுக்குப் போறது நின்னுபோச்சு மச்சான்.”

“என்னது?”

“சூடு தணிக்க ஏரித் தண்ணிய உறிஞ்சிப் பின்னால பீச்சும்ல, அது நின்னுபோச்சு. சூடேறி அலாரம் அடிக்கவும், நடு ஏரியில படக நிறுத்துனேன். பிள்ளைகளோட சுத்திப்பாக்க வந்த ஒருத்தர் எந்திரிச்சு, எங்களக் கொல்லப் பாக்குறியான்னு வையிறாக. மோட்டாரத் தூக்குனா, உறிஞ்சுற வாயில சிப்ஸ் கவரு. அவுக தின்னுட்டு வீசுனதுதான். போடாதீகன்னு அப்பவே சொன்னேன்.”

“கவர என்ன செஞ்ச?”

“அவுக கையிலயே குடுத்தேன். கரையேறுனதும் ஆபீசுல புகார் சொல்லிட்டாக. நான் மன்னிப்புக் கேக்கணுமாம்.”

“கேப்பியா?”

“எதுக்கு? நடுத்தண்ணியில பயந்து அழுதது அவுக பிள்ளைகதான். அதுககிட்ட அவுக கேக்கட்டும்.”