சாமி மேடையில் நூறு சதவீதம்

இந்த அவைக்குத் தலைமை ஏற்று, நடு நாற்காலியில் முதுகு சாயாமல் அமர்ந்திருக்கும் நம் மாசாய் குடியிருப்பாளர் சங்கத்தின் தலைவர் காளியப்பன் ஐயா அவர்களே! வேலைப் பளுவுக்கிடையிலும் வெள்ளைச் சட்டையைத் தேய்த்து அணிந்து வந்திருக்கும் செயற்குழுப் பெரியோர்களே! மின்விசிறிக்கு நேர் கீழே இடம்பிடித்திருக்கும் முன்யோசனை மிக்க தாய்மார்களே! பாசிர் கூடாங் ஆலைகளில் காலை ஷிப்டை முடித்து, உறக்கத்தை ஒத்திவைத்து வந்திருக்கும் சகோதரர்களே! கிள்ளானிலிருந்து நான்கு மணி நேரம் காரோட்டி வந்து, முகத்தில் எதையும் காட்டாமல் முதல் வரிசையில் அமர்ந்திருக்கும் தலைவரின் மகள் ஷாமளா அக்கா அவர்களே! அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

எனக்குத் தரப்பட்ட தலைப்பு, ‘ஸ்மார்ட்வாட்ச் பேட்டரியைக் காப்பது எப்படி’. நான் கடிகாரம் பழுது பார்க்கும் கடையின் முகப்பில் வேலை செய்பவள். ஒரே ஒரு கடிகாரத்தின் வரலாற்றைச் சொல்லி முடித்துக்கொள்கிறேன். அது நம் தலைவருடையது. அனுமதி கேட்டேன். “சொல்லும்மா. ஆனா கூட்டாம கொறைக்காம சொல்லு” என்றார்.

ஐயா ஒரு கிடங்கில் முப்பத்தொரு ஆண்டுகள் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவர். பேட்டரியில் ஓடும் வண்டி. ஷிப்டு முடிந்ததும் அதைச் சார்ஜில் போட்டுவிட்டுத்தான் வீடு திரும்ப வேண்டும். அடுத்து வருபவருக்குக் குறைந்த பேட்டரியை விட்டுச்செல்பவனை அங்கே மனிதனாக மதிக்க மாட்டார்கள். முப்பத்தொரு ஆண்டுகளில் ஒரு நாளாவது ஐயா அப்படி விட்டுச்சென்றதுண்டா? இல்லை. மழை வெள்ளத்தன்று? இல்லை. காய்ச்சல் கண்ட நாளில்? அன்றும் இல்லை.

கைதட்டலுக்கு நன்றி. ஆனால் இந்தக் கடமை உணர்ச்சிதான் இந்த வரலாற்றில் வில்லன்.

மனைவி மறைந்தபின் ஐயா அடுக்குமாடியின் மூன்றாம் மாடியில் தனியாக வாழ்கிறார். சென்ற ஆண்டு ஒருநாள் படிக்கட்டில் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டார். செய்தி கிள்ளான் போனது. மறுவாரமே ஷாமளா அக்கா ஒரு ஸ்மார்ட்வாட்ச்சோடு வந்தார். நாடித்துடிப்பைப் பதியும், கட்டியவர் விழுந்தால் மகளை அழைக்கும். கையில் கட்டிவிட்டு, “சார்ஜ் மட்டும் எறங்காம பாத்துக்குங்கப்பா” என்றார்.

ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவரிடம் சொல்லக்கூடிய சொல்லா அது?

வீட்டை விட்டு இறங்கும்போது எல்லாச் சுவிட்சுகளையும் அணைப்பது ஐயாவின் வழக்கம். அணைக்காத சுவிட்சு ஒன்றே ஒன்று. சாமி மேடையின் சிவப்பு விளக்குக்கானது. அதனருகே இன்னொரு பிளக்குக்கும் இடம் இருந்தது. கடிகாரம் முருகனுக்கு வலப்புறம் குடியேறியது. கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் கையில். மற்ற நேரமெல்லாம் சார்ஜில். வெள்ளிக்கிழமைகளில் அதற்கும் விபூதி.

கிள்ளானில் ஷாமளா அக்கா காலைதோறும் தம் கைப்பேசியைப் பார்ப்பார். அப்பாவின் கடிகாரம்: நூறு. திங்கள் நூறு, செவ்வாய் நூறு, தீபாவளியன்றும் நூறு. நூற்றுக்குக் கீழே, ‘நாடித்துடிப்பு பதிவாகவில்லை’ என்று சிறிய எழுத்தில் ஒரு வரி இருந்தது. சிறிய எழுத்தை யார் படிக்கிறார்கள்? நானும் படிப்பதில்லை. அந்தத் தொழிலில்தான் இருக்கிறேன்.

போன மாதம் ஒரு நாள் காலை ஏழு மணிக்கு ஐயா குளியலறையில் வழுக்கி விழுந்தார். இடுப்பு பிடித்துக்கொண்டது, எழ முடியவில்லை. ஒரு சுவருக்கு அப்பால் கடிகாரம் நூறு சதவீதத்தோடு காத்திருந்தது. இரண்டு மணி நேரம் அவர் தரையில், அது மேடையில்.

அவரைக் கண்டுபிடித்தது எந்தக் கருவி? கீழே உணவுக்கடை நடத்தும் ஜெய்னம்பு அக்கா. எட்டு மணிக்குப் பால் கலக்காத தே ஓ குடிக்க வருகிறவர் ஒன்பதாகியும் வரவில்லை. அக்கா தம் மகன் ஆசிமைக் கூட்டிக்கொண்டு மாடியேறிச் சன்னலில் காதை வைத்தார். “அண்ணே, உசுரோட இருக்கீங்களா?” என்றார். “இருக்கேன் லா. கதவுதான் பூட்டியிருக்கு” என்று தலைவருக்கே உரிய சுருக்கத்தில் பதில் வந்தது.

எலும்பு முறியவில்லை. மருத்துவமனையில் கட்டிலருகே நின்று ஷாமளா அக்கா மெல்லச் சொன்னார்: “நூறு இருந்துச்சுப்பா. நூறு இருந்தா நல்லாருக்கீங்கன்னு நெனச்சேன்.”

தலைவர் சொன்னார்: “நானும் அப்படித்தான்மா நெனச்சேன்.”

வீட்டைப் பூட்டிவிட்டுக் கிள்ளானுக்கு வந்துவிடச் சொன்னார் மகள். ஐயாவுக்கு மாசாயை விட மனமில்லை. இந்தச் சங்கம், இந்தத் தெரு, அந்தத் தே ஓ. இவற்றை எடுத்துவிட்டால் அவருக்கு என்ன மிச்சம்? பேரம் பேசினார். முப்பது நாள். முப்பது நாளும் கடிகாரத்தை ஒழுங்காகக் கட்டினால் அவர் இங்கே. தவறினால் அங்கே. இன்று முப்பதாவது நாள். சாமான் கட்டுவதற்கான அட்டைப்பெட்டிகள் அக்காவின் காரில் இருக்கின்றன. மதியம் நானே பார்த்தேன்.

பேரம் முடிந்த மறுநாள் ஐயா என் முகப்புக்கு வந்தார். சோதித்தேன். இவ்வகைப் பேட்டரிக்கு எப்போதும் முழுதாக நிறைந்திருப்பதும் ஆகாது, வெப்பமும் ஆகாது. விளக்குச் சூட்டில் ஓராண்டு நூறிலேயே நின்றது, கையில் கட்டாமலேயே கிழமாகியிருந்தது. இரண்டு நாள் தாங்க வேண்டியது ஒரு நாள்தான் தாங்கியது. புதிய பேட்டரி வர ஆறு வாரம். “தினமும் ஒரு மணி நேரம் கழட்டித்தான் ஆகணும் அங்கிள். குளிக்கிறப்ப சார்ஜ்ல போடுங்க, எல்லாரும் அப்படித்தான் செய்றாங்க” என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். “நான் விழுந்ததே அங்கதானம்மா.”

நான் பயிற்சி பெற்றவள். சான்றிதழ் சுவரில் தொங்குகிறது. அதில் குளியலறை பற்றி ஒரு வரியும் இல்லை.

பின்வரிசையில் ஓர் அண்ணன், தூங்கும்போது போடலாமே என்கிறார். தூக்கத்திலிருந்து எழுந்து நடக்கும்போதும் விழுவார்கள், அண்ணா. தயவுசெய்து அமருங்கள்.

விடை ஜெய்னம்பு அக்காவிடம் இருந்தது. “எங்கிட்ட உக்காந்து பேசிக்கிட்டு இருக்கறப்ப அது எதுக்குண்ணே உங்களுக்கு? விழுந்தா எனக்குக் கண்ணு தெரியாதா? கழட்டி இங்க போடுங்க” என்று கல்லாவுக்குப் பின்னால் ஒரு பிளக்கைக் காட்டினார்.

அன்றிலிருந்து மாலை நான்கு முதல் ஐந்துவரை கடிகாரம் கல்லாவில். ஐயா அதற்கு எதிர் மேசையில். முதல் நாள் நாடித்துடிப்பு நின்றுபோனதைக் கைப்பேசியில் கண்டு ஷாமளா அக்கா பதறிக் கடைக்குப் போன் செய்தார். “இருக்காரு, வம்பளந்துக்கிட்டு இருக்காரு” என்று ஜெய்னம்பு அக்கா வைத்துவிட்டார். இப்போது அந்த மேசையில் மேலும் மூவர் தங்கள் கடிகாரங்களோடு வந்து அமர்கிறார்கள். ஒருவருடையது சார்ஜ் போடத் தேவையில்லாத பழைய கைக்கடிகாரம். அவரும் கழற்றி வைக்கிறார்.

பெரியோர்களே! தாய்மார்களே! நூறு என்றதும் நெஞ்சு நிறைந்துவிடுகிறதே, எதற்காக? மாசம் ஒருமுறை போன் செய்து ‘நல்லாருக்கீங்களா’ என்று கேட்டு, ‘நல்லாருக்கேன்’ என்ற பதிலோடு திருப்தியடைகிறோமே, அந்த நூறா உங்களுக்கு வேண்டும்? காலையில் தொண்ணூறு என்றால் எழுந்துவிட்டார். மதியம் எழுபது என்றால் மார்க்கெட்டுக்கு நடந்தார். மாலையில் முப்பது என்றால் முழு நாளை வாழ்ந்து முடித்தார்! இறங்கட்டும், எண் இறங்கட்டும்! அது ஏற வேண்டிய நேரத்தில், அவர் பக்கத்தில் ஓர் ஆள் இருக்கட்டும்! பேட்டரியைக் காக்க எனக்குத் தெரிந்த வழி இது ஒன்றுதான்.

இப்போது மணி நான்கரை. தலைவரின் கை வெறுமையாக இருக்கிறது. ஷாமளா அக்கா வாசலில் வணக்கம் சொல்லும்போதே அதைக் கவனித்துவிட்டார். முகத்தில் எதையும் காட்டாததற்கு அதுவே காரணம் என்று நினைக்கிறேன். அக்கா, கடிகாரம் இதோ இந்த மேசையில், ஒலிபெருக்கி வயருக்குப் பக்கத்தில் சார்ஜில் இருக்கிறது. நான் பேசத் தொடங்கியபோது இருபத்து நான்கு, இப்போது முப்பத்தெட்டு. உங்கள் அப்பாவைச் சுற்றி இருநூறு பேர் இருக்கிறோம். ஜெய்னம்பு அக்கா இரண்டாம் வரிசையில் இருக்கிறார். இப்போது கழற்றாமல், அவர் வேறு எப்போது கழற்றுவது?

அக்கா ஏதோ சொல்கிறார். அவரிடம் ஒலிபெருக்கி இல்லை. பின்வரிசைக்காக நான் திருப்பிச் சொல்கிறேன். “கார்ல இருக்கற பெட்டியெல்லாம் ஜெய்னம்பு அக்காகிட்ட குடுத்துடுங்க. பிரியாணி கட்டட்டும்.”

தலைவர் கடிகாரத்தை எடுக்கக் கை நீட்டுகிறார். வேண்டாம் ஐயா, ஐந்து மணிவரை இருக்கட்டும். நாங்கள் இங்கேதான் இருக்கிறோம்.

வாய்ப்பளித்த சங்கத்துக்கும், தம் வரலாற்றைத் தந்த தலைவருக்கும், பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும் நன்றி கூறி, வணங்கி அமர்கிறேன்.