மூணு படத்திலும் இருந்தது

ஜெபசிங்: கதவைச் சாத்திட்டு வாங்க சிஸ்டர்.

ஞானபாய்: சாத்தியாச்சு. எதுக்கு இந்த மர்மம்? சோத்துல கை வச்சவளை ஆயாவை விட்டு எழுப்பிக் கூட்டிட்டு வரச் சொல்லியிருக்க.

ஜெபசிங்: வேற யாரையும் கூப்பிட மனசு வரல.

ஞானபாய்: எக்ஸ்ரே மெஷினைக் கெடுத்துட்டியா? வந்து ஒரு வருசம்கூட ஆகல. சாயர்புரத்துல காலேஜ் படிச்ச பையன், பதனமா இருப்பான்னு நாந்தான் சிபாரிசு பண்ணினேன். என் மானத்தை வாங்கிராதல.

ஜெபசிங்: மெஷின் நல்லாத்தான் இருக்கு. இந்தப் பெட்டிக்கு முன்னால வாங்க, லைட்டைப் போடுதேன். தொட்டுராதிய, இன்னும் ஈரம் காயல.

ஞானபாய்: வயித்துப் படம்லா இது.

ஜெபசிங்: ஆமா. இது முதுகெலும்பு. இந்தக் கறுப்பெல்லாம் குடல்ல இருக்க காத்து. கீழ இடுப்பெலும்பு, அதைப் பாத்தாலே பொம்பிளைன்னு தெரியும். இப்ப இடது பக்கம் பாருங்க.

ஞானபாய்: ஏதோ... கத்திரிக்கோலு மாதிரி.

ஜெபசிங்: முப்பது வருசமா ஆபரேஷன் தியேட்டர்ல நிக்கிற நீங்களா இதைக் கத்திரிங்கிய? ரத்தக் குழாயைக் கவ்விப் பிடிக்கிற ஃபோர்செப்ஸ் சிஸ்டர். விரல் விட்டுக்கிட ரெண்டு வளையம், பூட்டிக்கிட பல்லு, எல்லாம் வெள்ளை வெளேர்னு தெரியுது.

ஞானபாய்: மேசையில வச்சுட்டு மறந்திருப்ப. அதுக்கு மேலயே ஆளைப் படுக்க வச்சுப் படம் எடுத்துட்டு, என்னைக் கூப்பிட்டுப் பயங்காட்டுத.

ஜெபசிங்: நானும் அப்படித்தான் நெனச்சேன். விரிப்பை உதறினேன். ஃபிலிம் வச்ச கேசட்டைத் தெறந்து பாத்தேன். கழுத்துல கெடந்த மாதா சுரூபம், கொண்டை ஊசி, பாவாடையில குத்தியிருந்த ஊக்கு, எல்லாத்தையும் கழட்டச் சொல்லி இன்னொரு படம் எடுத்தேன். இந்தா பாருங்க, அதுலயும் இருக்கு.

ஞானபாய்: ஒரே ஃபிலிம்ல ரெண்டு தடவை எடுத்திருந்தா...

ஜெபசிங்: புது டப்பா உடைச்சு எடுத்தேன். மூணாவது, ஒருக்களிச்சுப் படுக்க வச்சு எடுத்தேன். மேசையில கெடக்க சாமானா இருந்தா உடம்புக்கு வெளியலா தெரியணும்? இந்தா, முதுகெலும்புக்கு முன்னால, குடலுக்கு நடுவுல. உள்ள இருக்கு சிஸ்டர்.

ஞானபாய்: ஆண்டவரே.

ஜெபசிங்: பாத்ததும் இதை டார்க் ரூம்லயே கீழ போட்டுட்டேன். மூலையில கீறல் தெரியுது பாருங்க.

ஞானபாய்: யாரு... பேஷண்ட் யாரு?

ஜெபசிங்: உங்களுக்கு வேண்டியவங்கதான்.

ஞானபாய்: இந்தத் தூத்துக்குடியில பாதிப் பேரு எனக்கு வேண்டியவங்கதான். பேரைச் சொல்லு.

ஜெபசிங்: பெரியதாழை கிரேசி. சங்கு குளிக்கப் போற ஹென்றி சம்சாரம்.

ஞானபாய்: அவளுக்கு யாரு எக்ஸ்ரே எழுதினது?

ஜெபசிங்: வரது டாக்டர். அவரும் அரை மனசாத்தான் எழுதினாரு. ஒம்பது வருசமா வயித்து வலின்னு வாரா, மருந்துக்குக் கேக்கல, மனசுலதான் கோளாறு, ஒரு படத்தை எடுத்து ஒண்ணுமில்லன்னு காட்டிட்டு மதுரைக்கு மனசு வைத்தியத்துக்கு அனுப்பிருவோம்னாரு.

ஞானபாய்: அவரு இதைப் பாத்துட்டாரா?

ஜெபசிங்: இல்ல. புது ஹார்பர்ல ஏதோ கப்பல்காரனுக்குக் காய்ச்சல்னு போயிருக்காரு. நாலு மணிக்கு வந்துருவாரு.

ஞானபாய்: இப்ப மணி என்ன?

ஜெபசிங்: ரெண்டே முக்கால்.

ஞானபாய்: தம்பி... நான் சொல்லுததைக் கேளு. இந்த மூணையும் என்கிட்ட குடுத்துரு. படம் சரியா விழலன்னு டாக்டர்கிட்ட சொல்லிரு.

ஜெபசிங்: அதுக்கப்புறம்?

ஞானபாய்: நானே அவளைப் பாளையங்கோட்டைக்குக் கூட்டிட்டுப் போறேன். அங்கன நல்ல டாக்டராப் பாத்து...

ஜெபசிங்: அங்கன எடுத்தா மட்டும் இது தெரியாதா?

ஞானபாய்: தெரியட்டும். இங்கன தெரிய வேண்டாம். அவளுக்கு ஆபரேஷன் பண்ணினது ஏசுவடியான் டாக்டர். செத்து நாலு வருசமாச்சு. வராந்தாவுல படம் மாட்டி வச்சிருக்கோம். எத்தனை பிள்ளைய அந்தக் கையில பொறந்திருக்கு. மண்ணுக்குள்ள போன மனுசன் பேரைக் கெடுக்கணுமா?

ஜெபசிங்: அவரு பேருக்காகவா இவ்வளவும் சொல்லுதிய?

ஞானபாய்: வேற யாருக்காக?

ஜெபசிங்: உங்களைக் கூப்பிடதுக்கு முன்னாடி நான் ரிக்கார்டு ரூமுக்குப் போயிட்டு வந்தேன்.

ஞானபாய்: ...அங்க உனக்கு என்ன வேலை?

ஜெபசிங்: தியேட்டர் ரிஜிஸ்தரைத் தேடி எடுத்தேன். அறுபத்தாறு, ஜூலை மாசம். கிரேசி, சிசேரியன், பெண் குழந்தை. கடைசியில, இன்ஸ்ட்ருமென்ட் எல்லாம் எண்ணியாச்சு, சரி, அப்படீன்னு ஒரு கையெழுத்து.

ஞானபாய்: ஏலே...

ஜெபசிங்: உங்க கையெழுத்து.

ஞானபாய்: மனுசி எண்ணுதது. தப்பே வராதா? பிள்ளை நீலமாப் பொறந்துது. மூச்சு இல்ல. ஓடிப்போய்த் தூக்கி, வாயில வாய் வச்சு ஊதினது நானு. அந்தப் பிள்ளை இன்னைக்கு நாலாங்கிளாஸ் படிக்கு. அதுக்கு என் பேரைத்தான் வச்சிருக்கா, தெரியுமா உனக்கு?

ஜெபசிங்: தெரியும். மேசையில படுக்கும்போது கிரேசியே சொன்னாங்க. ஞானபாய் அக்கா இல்லன்னா எம்பிள்ளை இல்லன்னாங்க.

ஞானபாய்: அந்தப் பதட்டத்துல எண்ணினேன் தம்பி. சரியா இருக்குன்னுதான் நெனச்சேன்.

ஜெபசிங்: அதோட நின்னிருந்தா நான் உங்களைத் தனியாக் கூப்பிட்டிருக்க மாட்டேன். இந்தக் கட்டைப் பாருங்க. கிரேசியோட பழைய சீட்டுக. ஒண்ணு விடாம துணியில சுத்தி வச்சிருக்காங்க. இது எழுபத்தொண்ணு, மார்ச்சு. அப்ப இருந்த லேடி டாக்டர் வயித்துக்கு எக்ஸ்ரே எழுதியிருக்காங்க. அதுக்கு மேல கோடு அடிச்சு, மெஷின் ரிப்பேர்னு எழுதித் திருப்பி விட்டிருக்கு. இது எனக்கு முன்னால இருந்தவரு எழுதின எக்ஸ்ரே நோட்டு. அதே தேதி. அன்னைக்கு இந்த மெஷின்ல பதினொரு படம் எடுத்திருக்கு.

ஞானபாய்: மெதுவாப் பேசு.

ஜெபசிங்: அந்தக் கோடு அடிச்சது யாரு சிஸ்டர்? நான் தப்பா நெனச்சிருந்தா சொல்லுங்க. இப்பவே உங்க காலைப் பிடிச்சு மன்னிப்புக் கேக்கேன்.

ஞானபாய்: நீ ஒண்ணும் தப்பா நெனைக்கல. மறுநா காலையில ஆபரேஷன் சாமானை எல்லாம் வேக வச்சு அடுக்கினேன். ஒண்ணு இல்ல. தொட்டியில தேடினேன், சலவைக்குக் கட்டின மூட்டையைப் பிரிச்சுத் தேடினேன். அப்புறம் வார்டுக்குப் போயி அவளைப் பாத்தேன். பிள்ளைக்குப் பால் குடுத்துட்டு இருந்தா. அக்கா, இவளுக்கு உங்க பேருதான்னா. அந்த நிமிசம் சொல்லியிருக்கணும். மத்தியானம் சொல்லுவோம்னு வெளிய வந்துட்டேன். மத்தியானம், நாளைக்குச் சொல்லுவோம்னு நெனச்சேன்.

ஜெபசிங்: ஒம்பது வருசமா?

ஞானபாய்: ஒவ்வொரு தடவையும் வலின்னு வாரப்ப, மருந்து ஊத்திக் குடுத்தது இந்தக் கைதான். மனசு வைத்தியம்னு டாக்டரு சொல்லும்போது நானும் பக்கத்துல நின்னு தலையாட்டியிருக்கேன்.

ஜெபசிங்: உங்களைப் பாத்துத்தான் நான் இந்த வேலையை மதிச்சேன்.

ஞானபாய்: மதிக்காத. படத்தை என்ன பண்ணப் போற?

ஜெபசிங்: மூணையும் நம்பர் போட்டு நோட்டுல ஏத்திட்டேன். நாலு மணிக்கு டாக்டர் மேசையில இருக்கும். கிழிச்சாலும் திரும்ப எடுப்பேன்.

ஞானபாய்: கிழிக்க மாட்டேன். கேட்டுப் பாத்தேன், அவ்வளவுதான். நீயும் சரின்னு சொல்லியிருந்தா, இன்னைக்கும் நான் பழையபடி...

கிரேசி: அக்கா, உள்ளயா இருக்கிய? ஆயா சொல்லிச்சு.

ஜெபசிங்: அவங்கதான். வெளிய பெஞ்சுல இருக்கச் சொல்லியிருந்தேன்.

ஞானபாய்: வரச் சொல்லு. டாக்டர் வந்து சொல்லி அவளுக்குத் தெரிய வேண்டாம். நானே சொல்லுதேன். நீ இங்கனயே நில்லு.

ஜெபசிங்: உள்ள வாங்கம்மா.

கிரேசி: படம் விழுந்துச்சா அண்ணாச்சி? மூணு தடவை படுக்க வச்சியளே. இதுவா? இதுதான் என் வயிறா?

ஜெபசிங்: இதுதான். முதல்ல உக்காருங்க.

கிரேசி: நிக்கேன். ஏதோ இருக்குல்லா? உங்க மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. சொல்லுங்க... தலை எந்தப் பக்கம் இருக்கு?

ஜெபசிங்: எதோட தலை?

கிரேசி: ஒண்ணுமில்ல. நீங்க சொல்லுங்க, நான் கேக்கேன்.

ஞானபாய்: ஏளா கிரேசி, என்னைப் பாரு.

கிரேசி: அக்கா, அழுதியளா?

ஞானபாய்: கையை விடு. நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் என்னைத் தொடாத. இந்தா, வெள்ளையா தெரியுதே, இது இரும்பு. உனக்கு ஆபரேஷன் பண்ணும்போது உள்ள வச்சுத் தைச்சுட்டோம்.

கிரேசி: இரும்பா?

ஞானபாய்: உன் வலி மனசுல இல்ல. இதுதான். ஒம்பது வருசமா இதுதான். டாக்டர் மேல தப்பில்ல. எண்ண வேண்டியவ நானு. தையல் போடதுக்கு முன்னாடி எண்ணினேன், ஒண்ணு குறையுதுன்னு சொன்னேன். திரும்ப எண்ணுன்னாரு. அந்த நேரம் பிள்ளை திரும்பவும் மூச்சு விடல. அங்க ஓடின வேகத்துல, சரியா இருக்கு டாக்டர்னு சொல்லிட்டேன். மறுநா எனக்குத் தெரிஞ்சு போச்சு. தெரிஞ்சும் மறைச்சேன். படம் எடுக்க வந்தப்பவும் மெஷின் ரிப்பேர்னு உன்னைத் திருப்பி அனுப்பினேன். திட்டு. செருப்பைக் கழட்டி அடி. சும்மா நிக்காதளா.

ஜெபசிங்: சிஸ்டர், கொஞ்சம் இருங்க. அவங்க படத்தை விட்டுக் கண்ணை எடுக்கல.

கிரேசி: அண்ணாச்சி, இது மட்டுந்தானா? வேற ஒண்ணும் இல்லியா?

ஜெபசிங்: வேற ஒண்ணும் இல்லம்மா. எல்லாம் நல்லா இருக்கு. டாக்டர் வந்ததும் ஆபரேஷனுக்கு நாள் பாத்துருவாரு. இதை எடுத்துட்டா வலி போயிரும்.

கிரேசி: நல்லாப் பாருங்க. இந்த இரும்புக்குப் பின்னால... சின்னச் சின்ன எலும்பா, எதுவும் இல்லியா?

ஜெபசிங்: மூணு படத்திலயும் பாத்துட்டேன். நீங்க எதைத் தேடுதிய?

ஞானபாய்: கிரேசி... என்னளா கேக்க?

கிரேசி: அன்னைக்கு எனக்கு மயக்கம் குடுக்கல அக்கா. முதுகுல ஊசி போட்டு, கண்ணை மட்டும் துணியால மூடியிருந்திய. ஒண்ணு குறையுதுன்னு நீங்க சொன்னது என் காதுல விழுந்துச்சு.

ஞானபாய்: நீ... கேட்டியா?

கிரேசி: ஊர்ல மருத்துவச்சி என் வயித்தப் பாத்துட்டு, ரெட்டைன்னு சொல்லியிருந்தா. நீங்க ஒரு பிள்ளையத்தான் கையில குடுத்திய.

ஜெபசிங்: அம்மா, உக்காருங்க...

கிரேசி: இன்னொண்ணு வெளிய வராம உள்ளயே தங்கிட்டுதுன்னு நெனச்சுக்கிட்டேன். சொன்னாப் பைத்தியம்பாங்கன்னு எம் புருசன்கிட்டகூடச் சொல்லல. சேவியர்னு பேரு வச்சேன். வலிக்கும்போதெல்லாம், அவந்தான் பெரண்டு படுக்கான்னு இந்த எடத்தத் தட்டிக் குடுப்பேன். ஒரு தடவையாவது படத்துல அவன் மூஞ்சியப் பாத்துரணும்னுதான் எக்ஸ்ரே எக்ஸ்ரேன்னு கேட்டுக்கிட்டு வந்தேன்.

ஞானபாய்: கிரேசி...

கிரேசி: ஒம்பது வருசமா நான் தட்டித் தூங்க வச்சது... இதையா அக்கா?