ஆறாவது இலை

...ஊசி இருக்காம்! நான் தெச்ச தலகாணியில ஊசி இருக்காம்! சொல்றது யாரு? என் தம்பி பொண்டாட்டி. பட்டன் பிஞ்சா பசை தேடறவ! கொஞ்சம் தள்ளி உக்காருங்கம்மா, பஸ் ஆடற ஆட்டத்துல பை நசுங்குது. ஆமா, உள்ள இருக்கறது அந்தத் தலகாணிதான். பிடுங்கிட்டு வந்துட்டேன்.

சோபாவுக்குன்னு ஆசையா கொண்டுபோனேன். மேல நூல்லயே பின்னின ரோஜாப் பூ. நடுவுலேர்ந்து சக்கரம் மாதிரி அஞ்சு நூல் இழுத்து, ஒண்ணு மேல ஒண்ணு கீழன்னு சுத்திச் சுத்திப் பின்னணும். ஊசி துணியைத் தொடவே கூடாது. அவ என்ன கேக்கறா? 'ஏன் அண்ணி அஞ்சு? ஆறு வெச்சா பூ பெருசா வருமே.' ஆறு வெச்சா, ரெண்டாவது சுத்துலயும் மேல போனதுலயே மேல போகும், பின்னலே விழாதுடி, எண்ணத் தெரியுமான்னு கேட்டேன். கேட்டது தப்பா? ம்... பாத்தீங்களா!

அதோட விட்டாளா? 'இந்தப் பக்கம் மொட்டையா இருக்கு'ன்னா. ஏற்கெனவே அஞ்சு இலை போட்டிருக்கேன். சரி, ஒழிஞ்சு போன்னு அவகிட்டயே ஒரு குண்டூசி வாங்கி, அங்கயே உக்காந்து ஆறாவதா ஒண்ணு போட்டேன். இந்த இலை தெரியுமா? துணியில குண்டூசியைக் குத்தி, அதோட தலையில நூலை மாட்டி, இழுத்துப் பிடிச்சுப் பின்னணும். முடிச்சதும் குண்டூசியை உருவிட்டா, நாக்கு மாதிரி எந்திரிச்சு நிக்கும். நான் பின்னிக்கிட்டே அவளுக்கு ஒத்தைப்படை, ரெட்டைப்படை பாடம் எடுத்தேன். எனக்குக் கையும் வாயும் ஒண்ணா ஓடும்.

என் தம்பி வேற! 'அக்கா, இந்த இலைக்கு மட்டும் நுனியில வெள்ளை மணி வெச்சிருக்கியே, ஜோரா இருக்கு'ங்கறான். மணியாம்! நான் மணியே வெக்கறதில்ல. கண்ணாடியை மாத்துடான்னேன்.

அப்புறம் டிவி பாக்கறேன்னு அதுல சாஞ்சான். 'ஐயோ!'ன்னு ஒரு துள்ளு. கழுத்துல ரத்தம்... என்ன பெரிய ரத்தம், ஒரு பொட்டு! உடனே இவ, 'ஊசியை விட்டுட்டீங்க'ன்னா. எனக்கு வந்துச்சு பாருங்க! என் குண்டூசி அஞ்சு, அஞ்சும் சிவப்புத் தலை, அஞ்சும் என் வீட்டுல டப்பாவுல இருக்கு, இதுல ஊசி இருந்தா இந்த வீட்டுப் படி ஏற மாட்டேன்னு சொல்லிட்டு வந்துட்டேன். இருக்கறது ஒரே தம்பி. கழுத்தைப் பிடிச்சுக்கிட்டே பஸ் வரைக்கும் வந்தான், 'அக்கா, அக்கா'ன்னு. திரும்பிப் பாக்கலையே நான்!

தடவிப் பாத்தேனாவா? எதுக்கு? பாத்தா எனக்கே சந்தேகம்னு ஆயிடாது? வேணும்னா நீங்க சாஞ்சு பாருங்க. இந்தாங்க. அட, சும்மா சாயுங்கம்மா, முதுகுக்கு மெத்துமெத்துன்னு...

என்னாச்சு? ஏன் இப்படித் துள்ளறீங்க? எங்க, குடுங்க...

வெள்ளைத் தலை. பாத்தீங்களா, பாத்தீங்களா! என் ஊசியே இல்ல இது! இது அவ... அவ குடுத்தது. நான் கேட்டு... வாங்கினது.

ஏம்மா எந்திரிச்சுட்டீங்க? உங்க ஸ்டாப் இன்னும் நாலு தாண்டின்னு சொன்னீங்களே? சரி, போங்க. நானும் இறங்கறேன். திரும்பிப் போற பஸ் எதிர்ப்பக்கம்தானே நிக்கும்? படி ஏற மாட்டேன்னுதான் சொன்னேன். கீழ நின்னு அவனைக் கூப்பிட மாட்டேன்னு சொல்லலையே.